வடியாத கால் வீக்கம்: நிணநீர்க் கோளாறை வீட்டிலேயே கவனித்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஒருவருக்குக் கால் வீங்கினால் "நீர் இறங்கியிருக்கு" என்பார்கள். அடுத்து ஒருவர் எண்ணெய் சொல்வார், இன்னொருவர் மெடிக்கலில் நீர் மாத்திரை வாங்கித் தருவார், மூன்றாமவர் கத்திரிக்காயும் புளியும் ஆகாது என்பார். இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடும். அதற்குள் தோல் தடித்து, கணுக்காலில் மடிப்பு விழுந்து, செருப்பு நுழையாத நிலை வந்திருக்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட கால்களுக்குக் கட்டுப் போடுவதும், அதை வீட்டாருக்குக் கற்றுக்கொடுப்பதும் என் வேலையில் பெரும்பகுதி. நிணநீர் வீக்கத்தைக் கரைக்கிற மாத்திரை இன்றுவரை கிடையாது. சோப்பு, தண்ணீர், கட்டுத்துணி, அசைவு இந்த நான்கையும் தினமும் விடாமல் செய்தால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம், காய்ச்சலை நிறுத்தலாம், வேலைக்குப் போகலாம். யானைக்கால் உள்ளவர்களுக்கும், புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கையோ காலோ வீங்கியவர்களுக்கும், காரணம் தெரியாமல் ஒரு கால் மட்டும் பருத்துக்கொண்டே போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன். திடீரென்று ஒரே நாளில் ஆடுசதை வீங்கி வலித்தால், வீக்கத்தோடு மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை நீவவே கூடாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் வழியே நாள் முழுக்க நீர் கசிந்து திசுக்களுக்குள் போகிறது, அதோடு கொஞ்சம் புரதமும். இப்படிக் கசிந்ததைத் திரும்ப அள்ளிக்கொண்டு போவது நிணநீர்க் குழாய்களின் வேலை; அவற்றுக்குள் ஓடும் அந்த நீர்தான் நிணநீர். ஊருணி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாகப் போகும். கலிங்கை அடைத்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். காலில் நடப்பதும் அதுதான்.

இந்த மண்டலத்துக்கு இதயம் மாதிரித் தனிப் பம்பு இல்லை. குழாய்களே சின்னச் சின்னத் துண்டுகளாகச் சுருங்கி நிணநீரை மேலே தள்ளுகின்றன. திரும்பி இறங்காமல் உள்ளே ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது ஆடுசதை இறுகுவதும், மூச்சை ஆழமாக இழுத்து விடுவதும் இதற்குத் துணை. வழியில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறு என்று நூற்றுக்கணக்கான நிணநீர்க் கணுக்கள் கிருமியை வடிகட்டுகின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது இந்தக் கணுக்கள்தான். கடைசியில் பெரும்பகுதி நிணநீர் மார்புக் குழாய் வழியே ஏறி, இடது கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது.

ரத்த ஓட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சியோடு ஒப்பிட்டால் நிணநீர் வெகுகாலம் ஓரமாகவே கிடந்தது. 1622இல் இத்தாலியின் காஸ்பரோ அசெல்லி, சாப்பிட்டு முடித்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலருகே பால் நிறத்தில் இழைகளைக் கண்டார். 1650களில் பிரான்சின் பெக்கே, டென்மார்க்கின் பார்த்தொலின், சுவீடனின் ருட்பெக் ஆகியோர் மீதிப் பாதையை வரைந்தார்கள். அதற்குப் பிறகு நீண்ட அமைதி. மூளையைச் சுற்றிய உறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பது எலிகளில் தெளிவாக நிறுவப்பட்டதே 2015இல்தான் என்றால் பாருங்கள்.

கசிந்த நீரில் புரதம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நீர் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் கூடுதலாகப் போகும், காலும் ஒருநாள் இளைத்த மாதிரித் தெரியும். புரதம் காலிலேயே தங்கி மறுபடியும் நீரை இழுக்கும். தேங்கிய புரதம் நாளாக நாளாகத் தோலடியில் நாரும் கொழுப்பும் வளரவும் வழிசெய்யும். ஆகவே இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ டாக்டர் எழுதித் தந்திருந்தாலே தவிர, நிணநீர் வீக்கத்துக்கு நீர் மாத்திரை வேண்டாம். டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

முதல் படி: இது நிணநீர் வீக்கம்தானா?

இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கியிருந்தால் முதலில் இதயம், சிறுநீரகம், ஈரல், தைராய்டு பக்கம் சந்தேகப்பட வேண்டும். பிரஷர் மாத்திரையையும் பாருங்கள். அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் பலருக்குக் கணுக்கால் வீங்கும்; டாக்டர் மாத்திரையை மாற்றினாலே வடிந்துவிடும். இது தெரியாமல் யானைக்கால் என்று பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

நிணநீர் வீக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம் தொடங்கும். இரண்டு பக்கம் இருந்தாலும் ஒன்று கூடுதலாக இருக்கும். பாதத்தின் மேற்புறம் உப்பலாக, விரல்கள் தடித்துச் சதுரமாகத் தெரியும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பக்கத் தோலை மேலிருந்து கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நல்ல காலில் தோல் மெல்லிய மடிப்பாக எழும்பும். நிணநீர் வீக்கத்தில் தடித்துப்போய்ப் பிடிக்கே வராது. ஸ்டெம்மர் சோதனை என்று இதற்குப் பெயர். பிடிக்கு வந்துவிட்டால் நிணநீர் வீக்கம் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வரவில்லை என்றால் கிட்டத்தட்ட உறுதி.

இன்னொரு வகை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலும் பருத்து, பாதம் மட்டும் மெலிந்து, தொட்டால் வலிப்பது. பெரும்பாலும் பெண்களுக்கு வரும். இது கொழுப்பு சம்பந்தப்பட்ட லிப்பெடிமா. இதற்கான கவனிப்பு கொஞ்சம் வேறு.

டாக்டரிடம் போனால் சிறுநீர்ப் புரதம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், தைராய்டு, தேவைப்பட்டால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், காலின் ரத்த ஓட்டத்துக்கு டாப்ளர் ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் உலவும் என்பதால் பழைய சோதனைக்கு இரவு 10 மணிக்கு மேல் ரத்தம் எடுப்பார்கள். இப்போது பகலிலேயே பார்க்கும் அட்டைச் சோதனையும் இருக்கிறது. கால் பெருத்துப் பல வருஷம் ஆனவர்களுக்கு இரண்டுமே பெரும்பாலும் நெகட்டிவ் வரும். புழு செத்துப்போயிருக்கும், அது கெடுத்த குழாய் மட்டும் மிச்சம் இருக்கும். "கிருமி இல்லைன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் ஏன் வீக்கம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்தியாவில் யானைக்கால் கிட்டத்தட்ட முழுக்க உச்சரேரியா பான்கிராஃப்டி என்ற புழுவால் வருவது. ரத்தத்தில் இதன் குஞ்சுகளை 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் கண்டார். கொசுவுக்குள் அது வளர்வதை 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டார். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வெகுகாலம் இருந்த நோய். அங்கே பிறந்து இங்கே வாழ வந்த ஆச்சிமார்களிடமும் நான் பார்க்கிறேன். ஆண்களுக்கு இதே புழுவால் விரைவீக்கம் வரும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு வேட்டிக்குள் மறைத்தே காலம் தள்ளுகிறார்கள். காலைப் போல் அல்லாமல் அதற்கு ஆபரேஷனே நல்ல தீர்வு. மறைக்க ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: கழுவுவது

மொத்த வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

யானைக்கால்காரர்களுக்கு அடிக்கடி வரும் குளிர்க்காய்ச்சலுக்குப் புழுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்தார்கள். பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெரூசா ட்ரையரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களில் வேறு விஷயத்தைக் காட்டினார்கள். விரலிடுக்கு வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாதான் பெரும்பாலான காய்ச்சலுக்குக் காரணம். ஒவ்வொரு காய்ச்சலும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களில் கொஞ்சத்தைக் கெடுத்துவிட்டுப் போகும், கால் ஒரு சுற்றுப் பெருக்கும். அதனால் வெடிப்பை அடைத்தால் வீக்கம் கூடுவதும் நிற்கும்.

தேவையானவை: ஒரு பேசின், மக்கு, வாசனை அதிகம் இல்லாத சாதாரண சோப்பு, மெல்லிய பருத்தித் துணி இரண்டு, பூஞ்சைக் களிம்பு, நல்ல வெளிச்சம். நம் வீடுகளில் வெளிச்சத்துக்கு முற்றத்தை விட்டால் இடம் கிடையாது. ஆனால் ஆத்தங்குடித் தளத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் வழுக்கிவிடும். வீங்கிய காலோடு விழுந்தால் இடுப்பெலும்புதான். கருங்கல் பாவிய ஓரத்திலோ கொல்லைப்புறத்திலோ நாற்காலி போட்டு உட்காருங்கள்.

கைபொறுக்கும் சூடுகூட வேண்டாம், அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர் போதும். சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சூடு தெரியாது. வெந்நீரில் கால் வெந்துபோய் வந்தவர்கள் இருக்கிறார்கள். சோப்பைக் கையில் நுரைத்து, முட்டியிலிருந்து கீழ்நோக்கித் தடவி வாருங்கள். பிரஷ், பீர்க்கங்கூடு, கல் எதுவும் வேண்டாம். மடிப்பு இருந்தால் ஒவ்வொரு மடிப்பையும் விரித்து உள்ளே கழுவ வேண்டும்.

அப்புறம் விரலிடுக்கு. நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கைத் தனியாகப் பாருங்கள். நான் பார்க்கும் கால்களில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஈரத்தில் ஊறிய வெள்ளைத் தோல், அதை விலக்கினால் சிவப்பாக ஒரு கீறல், லேசான வாடை: இதுதான் சேற்றுப்புண். வலி இருக்காது, குனிந்து பார்க்காமல் தெரியவும் தெரியாது. வீங்கிய வயிறோ முட்டிவலியோ இருப்பவர்களுக்குக் குனிய முடியாது; மருமகளோ பேரனோ பார்க்கட்டும், அல்லது போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சோப்பு போகும்வரை கழுவியதும், தேய்க்காமல் துணியை ஒற்றி ஒற்றித் துடையுங்கள். விரலிடுக்குக்குத் துணியின் முனையையோ பஞ்சையோ திரியாக விட்டு ஈரத்தை எடுங்கள். முழுக்கக் காய்ந்தபிறகு, வெள்ளை பூத்திருந்தால் குளோட்ரிமசோல் மாதிரிப் பூஞ்சைக் களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். புண் ஆறிவிட்டது என்று தோன்றிய பிறகும் கொஞ்ச நாள் தொடருங்கள், இல்லையென்றால் திரும்ப வரும். குதிகால், முழங்கால் பக்கம் வறண்ட தோலுக்கு வாசலினோ தேங்காயெண்ணெயோ போதும்; விரலிடுக்குக்குள் மட்டும் எண்ணெய் போகக் கூடாது. வாடையோடு நீர் கசிகிற காலுக்கு டாக்டரைக் கேட்டு, பொட்டாசியம் பர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் கரைத்து ஊறவைக்கலாம். கத்திரிப்பூ நிறம் வந்துவிட்டால் அது தோலைச் சுடும்.

நல்ல காலையும் இதேபோல் கழுவுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்ட வேண்டாம். மஞ்சள் அரைத்துப் பூசுவது, சுண்ணாம்புப் பற்று, பச்சிலைக் கட்டு எதுவும் வெடிப்பு இருக்கும் காலில் வேண்டவே வேண்டாம்.

மூன்றாம் படி: குளிர்க்காய்ச்சல் வந்தால்

தூக்கிப்போடும் குளிர், தொடையிடுக்கில் நெறி, கால் சிவந்து சூடாகி வலி. வந்த அன்றே டாக்டரைப் பாருங்கள். பாக்டீரியாவுக்கான மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு குழாய் மிஞ்சும். மருந்து எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இறங்கியதும் நிறுத்தாமல் முழுசாகச் சாப்பிடுங்கள்.

அதுவரை காலை உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள், ஈரத்துணி போட்டுக் குளிர்வியுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். கட்டு, ஸ்டாக்கிங் (காலை அழுத்திப் பிடிக்கும் உறை), நீவுதல், பயிற்சி எல்லாவற்றையும் அந்தச் சமயம் நிறுத்துங்கள். கழுவுவதை மட்டும் மெதுவாகத் தொடரலாம். குழப்பமான பேச்சு, வாந்தி, வேகமாகப் பரவும் சிவப்பு, கொப்புளம், கருப்பு நிறம் இதில் ஒன்று இருந்தாலும் அட்மிஷன்தான்.

வருஷத்துக்குப் பலமுறை வருகிறவர்கள் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு பெனிசிலினை ஒரு வருஷம் தொடர்ந்து கொடுத்தபோது காலில் தொற்று திரும்புவது குறைந்தது. நிறுத்தியதும் அந்தப் பலன் மெல்ல மறைந்தது.

நான்காம் படி: கட்டு

கழுவுவது கால் மேலும் கெடாமல் தடுக்கும், அளவைக் குறைப்பது கட்டு. ஆஸ்திரேலியாவில் காலில் வீக்கமும் திரும்பத் திரும்பத் தொற்றும் இருந்த 84 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. கட்டும் ஸ்டாக்கிங்கும் போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்பியது. போடாதவர்களில் 40 சதவீதம். ஒரு துணி செய்கிற வேலையைப் பாருங்கள்.

ஆனால் எல்லாக் காலுக்கும் கட்டு ஆகாது. காலுக்கு ரத்தம் போகும் தமனி அடைத்திருந்தால் கட்டு விரலையே கொன்றுவிடும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், நடந்தால் ஆடுசதை பிடிப்பது இருந்தால் முதலில் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து டாக்டர் சரி சொல்ல வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கும் அப்படியே.

முதல் சில வாரம் பயிற்சி பெற்றவர் கையால் போடுவதே நல்லது. அவர் போடும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். வரிசை இப்படி: முதலில் பருத்தி உறை, அதன்மேல் பஞ்சுச் சுற்று, கணுக்கால் பள்ளத்தில் கூடுதலாக வைத்து மேடு பள்ளம் இல்லாமல் நிரப்ப வேண்டும், அதன்மேல் நீளாத வகைக் கட்டுத்துணி. மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கிரேப் பேண்டேஜ் ரொம்ப இழுபடும். படுத்திருக்கும்போதும் காலை நெரிக்கும், நடக்கும்போது தேவையான எதிர்ப்பைத் தராது. நீளாத கட்டு ஓய்வில் விட்டுக்கொடுக்கும், நடக்கும்போது சுவராக நிற்கும். ஆடுசதை அதில் மோதித்தான் நிணநீர் மேலே போகிறது.

விரலடியில் ஆரம்பித்து, குதிகாலையும் மூடி, கணுக்காலில் 8 வடிவில் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி முட்டிக்குக் கீழ்வரை ஏறுங்கள். இறுக்கம் கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைய வேண்டும். குதிகாலைத் திறந்து விட்டால் அந்த ஓட்டையில் வீக்கம் வந்து பிதுங்கும். முனையை பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். கிளிப் தோலைக் கீறிவிடும். முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள்: வெளுத்த நிறம் இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டும். விரல் நீலமானால், மரத்தால், வலி கூடினால் நள்ளிரவானாலும் அவிழ்த்துவிடுங்கள். யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கால் இளைத்து ஓர் அளவில் நின்றதும் ஸ்டாக்கிங்குக்கு மாறலாம். காலையில், வீக்கம் குறைவாக இருக்கும்போது அளவெடுக்கச் சொல்லுங்கள். எழுந்ததும் கழுவி, நன்றாகக் காய்ந்தபிறகு போட்டு, இரவில் கழற்றுவது வழக்கம். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டால் ஏற்றுவது சுலபம். மேல்விளிம்பை மடித்துவிடாதீர்கள், மடித்த இடம் கயிறு கட்டியதுபோல் நெரிக்கும். துவைத்துப் பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்ற வேண்டும்.

சித்திரை, வைகாசியில் இதைப் போட்டுக்கொண்டு இருப்பது கஷ்டம்தான், மறைப்பானேன். வெயில் நேரத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து, ஸ்டாக்கிங்மேல் தண்ணீர் தெளித்து மின்விசிறியில் உட்காரலாம். முழுசாக விட்டுவிடுவதைவிடக் காலை நேரத்தில் மட்டுமாவது போடுவது மேல். "கட்டுன துணியோட விசேஷத்துக்கு எப்படித் தம்பி போறது?" என்று என்னிடம் கேட்காத ஆச்சி இல்லை. புடவைக்குள் யாருக்கும் தெரியாது. கட்டாமல் போனால்தான் பந்தி முடிவதற்குள் எல்லோருக்கும் தெரியும்.

அளவை எழுதி வையுங்கள். தையல் டேப்பால் பாதத்தின் நடு, கணுக்கால், அங்கிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒரு இடம் என்று, வாரம் ஒருமுறை, அதே நேரத்தில். தினசரி காலண்டர் தாளிலேயே குறிக்கலாம்.

ஐந்தாம் படி: அசைவு, உயரம், மூச்சு

கட்டோ ஸ்டாக்கிங்கோ போட்டபடி நடப்பதுதான் முதல் பயிற்சி. நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கி, விரலைத் தூக்கி இறக்கி, கணுக்காலைச் சுழற்றலாம். வீட்டில் ஊஞ்சல் இருந்தால் இன்னும் நல்லது: பாதத்தால் தரையை உந்தி ஆடும்போது ஆடுசதைக்கு வேலை கிடைக்கிறது. சம்மணம் போட்டு மணிக்கணக்காக உட்காருவதும், அடுப்படியில் பலகாரத்துக்காக விடியற்காலை முதல் நிற்பதும் காலைக் கெடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்தோ உட்கார்ந்தோ மாறுங்கள். தறியிலும் டைல்ஸ் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். கட்டில் என்றால் கால்பக்கம் செங்கல் வையுங்கள். பாய் என்றால் ஆடுசதைக்கு அடியில் தலையணை. முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும். படுத்தால் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு இது வேண்டாம்.

வயிறு எழும்பி இறங்கும்படி ஆழமான மூச்சு, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும். நிணநீர் நீவுதல் என்று ஒன்று உண்டு. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் தம்பதி உருவாக்கியது. தோல் மட்டும் நகரும் அளவுக்கு மெதுவாக, கழுத்து, தொடையிடுக்கு ஆகியவற்றில் ஆரம்பித்துச் செய்வது. எண்ணெய் ஊற்றி அழுத்திப் பிசைவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது குழாய்களைச் சிதைக்கும். நீவுதல் சுகமாக இருக்கும், கொஞ்சம் உதவவும் செய்யும். ஆனால் பெரிய வேலையைச் செய்வது கட்டுதான், நீவுதலுக்கு மட்டும் பணம் கொட்டாதீர்கள். கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம் கழுவுதல், யோகா, நீவுதல், கட்டு, ஆயுர்வேத மருந்து நீர் எல்லாவற்றையும் இணைத்து, வீட்டாரே செய்யும்படி ஒரு முறை வகுத்திருக்கிறது. பெரிய கால்களோடு இருப்பவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் விலக்கு எதுவும் கிடையாது. உடல் எடை கூடினால் வீக்கம் கூடும், அவ்வளவுதான். யானைக்கால் புழுவால் சிறுநீர் பால் மாதிரிப் போகிறவர்கள் மட்டும் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்க வேண்டும்.

கை வீங்கியவர்களுக்கு

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குள் கணுக்களை எடுத்தவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்கள் வருஷங்கள் கழித்தும் கவனமாக இருக்க வேண்டும். முதல் அறிகுறி வீக்கமாக இருக்காது; கை கனக்கிற மாதிரி, வளையல் இறுக்குகிற மாதிரி இருக்கும். அந்தக் கட்டத்திலேயே கைக்கான அழுத்த உறை போட்டால் நல்ல பலன். அதிரசமோ மணகோலமோ சுடும்போது எண்ணெய் தெறித்தால் உடனே கழுவிக் களிம்பு போடுங்கள். தோட்ட வேலைக்குக் கையுறை.

"அந்தக் கையால் குடம்கூடத் தூக்கக் கூடாது" என்று வீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் நடத்திய ஆய்வு, கைவீக்கம் உள்ள பெண்கள் மேற்பார்வையோடு மெல்ல மெல்ல எடை தூக்கிப் பழகினால் வீக்கம் கூடுவதில்லை, தொந்தரவும் குறைகிறது என்று காட்டியது. லேசான எடையில் ஆரம்பியுங்கள், படிப்படியாகக் கூட்டுங்கள்.

பாதயாத்திரையும் மெட்டியும்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனி நடப்பவர்களில் இந்தக் காலோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்லி யாரும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் எப்படிப் போவது என்று சொல்கிறேன். காய்ச்சல் வந்து மூன்று மாதம் ஆகாதவர்கள் நடக்கவே வேண்டாம். மற்றவர்கள் ஸ்டாக்கிங்மேல் தடித்த சாக்ஸாவது போடுங்கள். வெறுங்கால்தான் வேண்டுதல் என்றால் கோயில் எல்லையில் மட்டும் கழற்றுங்கள். தங்கும் ஒவ்வொரு இடத்திலும் கழுவி, காயவைத்து, காலை உயர்த்தி ஒரு மணி நேரம் படுங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். காய்ச்சல் மருந்தை டாக்டரிடம் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் எடுத்தால் மீதி வழிக்கு வண்டி ஏறிவிடுங்கள், முருகன் கோபிக்க மாட்டார்.

வீங்கிய விரலில் மெட்டி பதிந்து, அடியில் புண் வைத்திருப்பது அடிக்கடி பார்ப்பது. பெரியவர்கள் கழற்றச் சம்மதிக்க மாட்டார்கள். ஆசாரியிடம் வெட்டி எடுத்து, அதே வெள்ளியில் திறந்த வாயுள்ள மெட்டியாகச் செய்து நல்ல காலில் போடச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

மருந்து, ஆபரேஷன், ஆராய்ச்சி

டிஇசி மாத்திரை புழுவுக்கானது, வீக்கத்துக்கு இல்லை. அரசு வீடு வீடாகக் கொடுக்கும்போது சாப்பிடுவது நோய் பரவாமல் இருப்பதற்கு. 2018 முதல் நாட்டின் சில மாவட்டங்களில் டிஇசி, அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் மூன்றும் சேர்த்துத் தருகிறார்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இதில் சேர்த்தி இல்லை. இந்தப் புழுவைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில் வளர்வது. வெளியூரில் இருப்பவர்கள் பூட்டிவைத்த பெரிய வீடுகளின் செப்டிக் டேங்க் குழாய்க்கு ஒரு வலை கட்டினால் தெருவுக்கே நல்லது.

யானைக்கால் புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் குறிவைத்து டாக்ஸிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் கானாவிலிருந்து வந்த முடிவு நம்பிக்கை தந்தது, பிந்தைய ஆய்வுகள் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. புதிய நிணநீர்க் குழாய்களை வளரச் செய்யும் விஇஜிஎஃப்-சி என்ற புரதத்தைப் பின்லாந்தின் காரி அலிட்டாலோ குழு 1990களில் அடையாளம் கண்டது. அதை மருந்தாக்கும் முயற்சி இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை. வீக்கத்தில் அழற்சிக்கும் பங்கு உண்டு என்பதால் கீட்டோப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை வைத்து ஸ்டான்ஃபோர்டில் ஸ்டான்லி ராக்சன் ஆராய்ந்தார், தோல் தடிப்பு ஓரளவு குறைந்தது. வயிற்றுப்புண், இதயம், சிறுநீரகச் சிக்கல் எல்லாம் வரக்கூடிய மருந்து அது, கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

ஆபரேஷன்களில் இரண்டு வகை. நிணநீர்க் குழாயை நுண்ணோக்கியின் கீழ் பக்கத்துச் சிரையோடு இணைப்பது, அல்லது வேறு இடத்துக் கணுக்களை ரத்தக் குழாயோடு எடுத்து வைப்பது ஒன்று. குழாய் இன்னும் உயிரோடு இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் பலன் அதிகம். பச்சைச் சாயம் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்து முடிவு செய்வார்கள். காலம் கடந்து கொழுப்பும் நாருமாகிவிட்ட காலுக்கு அதை உறிஞ்சி எடுப்பது இன்னொன்று. இதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஸ்டாக்கிங் போட வேண்டும். "ஆபரேஷன் செய்துவிட்டால் கட்டே தேவையில்லை" என்று யாராவது உறுதி கொடுத்தால் இரண்டாவது டாக்டரைக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குங்கள். யானைக்கால் நோயாளிகளுக்கான பராமரிப்புப் பொருள்கள், உதவித்தொகை பற்றி அங்கேயே விசாரிக்கலாம். வெளியே வர முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பெரிய பரிசோதனைக்குச் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகள், இல்லையென்றால் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை.

அளவு எழுதிய காலண்டர் தாள்கள், சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டை, காய்ச்சல் வந்த மாதங்கள், ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்தச் சீட்டு, காலின் பழைய போட்டோ ஒன்று எடுத்துப் போங்கள். கட்டை அங்கே அவிழ்த்தால் திரும்பக் கட்ட ஆள் இருப்பார்களா என்று தெரியாது, எனவே பழகிய ஒருவரையும் கூட்டிப் போங்கள். பல வருஷம் வீங்கிய கையிலோ காலிலோ அடிபடாமலே ஊதா நிறத்தில் ரத்தக்கட்டு மாதிரி ஒரு தடிப்பு வந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள். அரிதாக அது புற்றாக இருக்கும், அதற்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.